பதினெட்டாம் கால்வாய் டிக்கெட்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு என்னைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரியும். இவனுக்கு ஏரோப்ளேன் ஓசி!

2007-ல் ஒரு விமான கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். பைலட் இல்லை சார். பறக்கிற சமாசாரம் எதற்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது. சென்னை ஆபீஸில் கணக்குப் பிரிவு. ஏஜென்ட் கமிஷன், பாக்கி, வவுச்சர். விமானத்தைவிட ஸ்டேப்ளரைத்தான் அதிகம் இயக்கியிருக்கிறேன். ஆனால் தேவாரத்தில் அதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டியைத் தரையில் வைப்பதற்குள் யாராவது வந்துவிடுவார்கள்.

"மாப்ள, நம்ம சின்னவன் துபாய் போறான். உன் கோட்டாவுல ஒரு டிக்கெட் போட்டு விடேன்."

"தம்பி, எம் மகளுக்கு மெட்ராஸ்ல பரிச்சை. காலைல ஏத்திவிட்டு சாயங்காலம் எறக்கி விட்ருவியா?"

ஒரு பெரியவர் என்னைத் தனியாக அழைத்துப்போய், காதோடு சொன்னார். "எனக்கு வேணாம்யா. ஏலக்கா மூட்டை ரெண்டு டெல்லி போகணும். ஆள் ஏற மாட்டோம். மூட்டை மட்டும் ஏறுனாப் போதும்."

எல்லோரிடமும் சிரித்து மழுப்புவேன். வேறு வழி? அந்தச் சலுகையை வெளியாளுக்கு விற்றால் சீட்டு மட்டும் இல்லை, வேலையும் கிழியும். மூட்டைக்கு விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பு இருந்ததில்லை.

உண்மையில் அது ஓசியும் இல்லை. சொல்லப்போனால் டிக்கெட்டே இல்லை. டிக்கெட் மாதிரி ஒன்று.

எங்கள் தொழிலில் அதற்கு 'சப்லோ' என்று செல்லப் பெயர். 'சப்ஜெக்ட் டு லோட்' என்பதன் சுருக்கம். அதாவது, காசு கொடுத்தவர்கள் எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகும் இடம் மிச்சமிருந்தால் நீ ஏறிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கையை ஆட்டி வழியனுப்பிவிட்டு அடுத்த விமானத்துக்குக் காத்திரு. வருஷத்துக்கு இத்தனை முறை என்று கணக்கு. டிக்கெட் விலையில் பத்தில் ஒரு பங்கு, அதன் மேல் வரிகள். சில பயணத்துக்கு வரி மட்டும்.

கம்பெனிக்கு இதில் நஷ்டமா? பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிற பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். குறியீடு கிடைத்துவிட்டதே என்று பழம் நாலு நாள் காத்திருக்குமா? பறித்தால் தள்ளிவிட வேண்டும். விமான சீட் திராட்சையைவிட மோசம். கதவைச் சாத்திய நிமிஷத்தில் அழுகிவிடும். பறந்துபோன விமானத்தின் காலி சீட்டை மறுநாள் சந்தையில் விற்க முடியாது. எப்படியும் அழுகப்போவதை ஊழியனுக்குக் கொடுத்தால் அவனும் சந்தோஷமாக இருப்பான், சம்பளத்தையும் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கலாம். இதுதான் சூட்சுமம்.

சப்லோவில் வரிசை உண்டு. ஆபீஸ் வேலையாகப் போகிறவர் முதலில். பிறகு சொந்தக் கம்பெனி ஊழியர்கள், பெரும்பாலும் சீனியாரிட்டிப்படி. அப்புறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் வரிசையில் குடும்பத்தார், ரிட்டயர் ஆனவர்கள். கடைசியில் மற்ற கம்பெனிக்காரர்கள். ஆம், கம்பெனிகள் தங்களுக்குள்ளேயும் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கின்றன. 'ஜெட்' என்று ஓர் ஏற்பாடு, 'சோனல் எம்ப்ளாயி டிஸ்கவுன்ட்'. உலகத்தில் எத்தனையோ கம்பெனிகளின் விமானத்தில் தூரத்துக்குத் தகுந்த சொற்பக் கட்டணத்தில் போய் வரலாம், இடமிருந்தால். ஆனால் ஒன்று, உன் கம்பெனி உயிரோடு இருக்க வேண்டும். 2012-ல் கிங்ஃபிஷர், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் என்று ஒவ்வொன்றாகப் பறப்பதை நிறுத்தியபோது சம்பளத்தோடு இந்தச் சலுகையும் போயிற்று. ரயில்வேக்காரர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். பாஸைக் காட்டி, ரிசர்வ் செய்து, பெர்த் நம்பரோடு ராஜா மாதிரி படுத்துக்கொண்டு போகிறார்கள்.

கல்யாணமாகாதவர்களுக்கு மனைவிக்குப் பதில் துணைக்கு ஒருவர் பெயர் கொடுக்கலாம் என்று சில கம்பெனிகளில் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவைதான் பெயரை மாற்ற முடியும். என்னோடு வேலை பார்த்த ஒருவன் பிப்ரவரியில் காதலியின் பெயரை எழுதிக் கொடுத்தான். மார்ச்சில் காதல் முறிந்தது. அந்த வருஷம் முழுக்க அந்தப் பெண் இவன் சலுகையில் கோவா, கொச்சி என்று போய்க்கொண்டிருந்தாள். இவன் ஜனவரி பிறக்கக் காத்திருந்தான்!

இத்தனையையும் ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவுக்கு விளக்கினேன். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் ஒரே வார்த்தையில் சொன்னார்.

"அப்ப அது பதினெட்டாம் கால்வாய்னு சொல்லு."

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

1895-ல் பென்னிகுக் துரை கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை மலைக்கு அந்தப் பக்கம், கேரள எல்லைக்குள் இருக்கிறது. மலையைக் குடைந்து தண்ணீரை இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். அது லோயர் கேம்ப்பில் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று பள்ளத்தாக்கின் நடுவே பாய்கிறது. அங்கே 14,707 ஏக்கர் இருபோக நெல். ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். மழை ஏமாற்றினால் தள்ளிப்போகும். ஆனாலும் உரிமை அவர்களுக்குத்தான் முதலில். அவர்கள் கன்ஃபர்ம்டு பாசஞ்சர்.

நாங்கள் மேற்கே, மலையடிவாரத்து ஆட்கள். தேவாரம், கோம்பை, போடிப் பக்கம். எங்களுக்கென்று பிற்பாடு வெட்டியது பதினெட்டாம் கால்வாய். 4,600 ஏக்கர் சொச்சம். அணையில் தண்ணீர் தேவைக்கு மேல் இருந்தால், மழைக்காலத்தில் சில வாரத்துக்குத் திறப்பார்கள். கண்மாய்கள் நிறையும், கிணறு ஊறும், தென்னை பிழைக்கும். அணையில் இல்லாவிட்டால் கால்வாயில் ஆடு மேயும். தாசில்தாரிடம் சண்டை போடலாம், மனு கொடுக்கலாம். ஆனால் "எனக்குச் சேர வேண்டியது" என்று சட்டையைப் பிடிக்க முடியாது. இருந்தால் உண்டு.

அப்பா பல வருஷமாக அந்தக் கால்வாய்க்காரர். நான் ஆபீஸில் இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டதை ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் பிடித்துக்கொண்டார். என்னைவிட நன்றாகவே பிடித்துக்கொண்டார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

2013-ல் எனக்குப் பெண் பிறந்தாள். பேத்தியைப் பார்க்க அப்பாவையும் அம்மாவையும் விமானத்தில் கூட்டிப்போவது என்று முடிவெடுத்தேன். அப்போது எங்கள் பக்கத்துக்கு ரயிலும் கிடையாது. மதுரை - போடி மீட்டர் கேஜ் லைனை அகலப்படுத்தப் போகிறோம் என்று 2010 கடைசியோடு நிறுத்தியிருந்தார்கள். ராத்திரி முழுக்க பஸ்ஸில் முட்டியை மடக்கிக்கொண்டு போக வேண்டாமே என்று எனக்குக் கரிசனம். கொஞ்சம் பந்தாவும்தான், ஒப்புக்கொள்கிறேன்.

சப்லோவில் போகிறவர்களுக்கு ஒழுக்க விதிகள் இருக்கின்றன. ஜீன்ஸ் கூடாது, ரப்பர் செருப்பு கூடாது. ஜன்னல் சீட் கேட்கக் கூடாது. 'நான் ஸ்டாஃப்' என்று பக்கத்து சீட்டில் பீற்றக் கூடாது. லேட்டானால் காசு கொடுத்தவன் கத்தலாம், நாம் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்பாவுக்கு வேட்டி கட்டலாமா என்று ஆபீஸில் எழுதிக் கேட்டேன். 'நாகரிகமான பாரம்பரிய உடை அனுமதிக்கப்படும்' என்று பதில் வந்தது. அப்பா கஞ்சி போட்டு மடமடக்கும் வெள்ளை வேட்டி சட்டையில் மதுரை ஏர்போர்ட்டில் இறங்கியபோது, டிராலி தள்ளும் பையன் எம்.எல்.ஏ. என்று நினைத்து வழிவிட்டான். அம்மா கையில் மட்டும் மஞ்சப்பை. அதில் இரண்டு கிலோ பன்னீர் திராட்சை, பேத்திக்காம். இருபத்திரண்டு நாள் குழந்தைக்கு!

முந்தின ராத்திரி பார்த்தபோது காலை விமானத்தில் ஒன்பது சீட் காலி. அதிகாலையில் எழுந்து, போடி, தேனி, ஆண்டிபட்டி கணவாய், உசிலம்பட்டி என்று காரில் வந்து சேர்ந்தோம். கவுன்ட்டர் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். முதல் நாள் ரத்தான விமானத்தின் ஜனங்கள் எல்லோரையும் இதில் ஏற்றியிருந்தார்கள். பூஜ்யம்.

"ஏய்யா, கோவிச்சுக்கிட்டானா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. இடமில்லை."

மத்தியானம் அடுத்தது. விசிறி வைத்த சின்ன விமானம், எழுபது சொச்சம் சீட். அதில் ஐந்து சீட் காலி என்று திரையிலேயே தெரிகிறது. பையன் தலையாட்டுகிறான். "சீட் இருக்கு சார், வெயிட் இல்லை." அம்மாவுக்கு இது புரியவே இல்லை. வெயில் ஏற ஏறக் காற்று லேசாகிவிடும். லேசான காற்றில் இறக்கைக்குப் பிடிமானம் குறையும், இன்ஜினுக்கும் தெம்பு குறையும். அதனால் நாற்பது டிகிரி மதியத்தில் சின்ன விமானத்தில் சீட் காலியாக இருந்தாலும் ஆளைக் குறைத்துத்தான் கிளப்புவார்கள். அப்பா அம்மாவிடம் சொன்னார்: "மாடு நோஞ்சானா இருந்தா வண்டில எடம் இருக்கேன்னு மூட்டையை அடுக்குவியா?" அத்தோடு விளக்கம் முடிந்தது.

சாயங்காலம் வந்தது. மூன்று பேருக்கு இரண்டு சீட்.

"நீங்க ரெண்டு பேரும் போங்கப்பா. நான் பஸ்ல வந்துர்றேன்" என்றேன்.

அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "யாத்தே, இங்கிலீஷ்ல எதுனா கேட்டா நாங்க என்னத்தைச் சொல்ல?"

கவுன்ட்டர் மூட இரண்டு நிமிஷம். அப்பா பையிலிருந்து தன் துண்டை மட்டும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நீ அம்மாவைக் கூட்டிட்டுப் போடா. அவ தனியா வர மாட்டா. நான் பஸ்ல வர்றேன். அடுத்த தண்ணிக்குப் பாத்துக்கிருவோம்."

அடுத்த தண்ணி. கால்வாய்க்காரர்களின் பேச்சு அது. இந்த முறை கிடைக்காவிட்டால் அடுத்த முறை.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டினார். விமானத்தில் அம்மா ஜன்னல் வழியாக வைகையைத் தேடினாள். தண்ணீரே இல்லாத மணலைக் காட்டி, "இதுதானா?" என்றாள். தின்னக் கொடுத்த டப்பாவில் கேக்கை மட்டும் பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் விடியற்காலை கோயம்பேட்டில் அப்பா பஸ்ஸை விட்டு இறங்கினார். வேட்டி கசங்கி, கால் வீங்கியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தக் கேக்கைக் கொடுத்தாள். "பிளேன்ல இதான் குடுப்பாங்களா?" என்று கேட்டுக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டார்.

அப்புறம் நாலைந்து தடவை கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். நடவு, தேங்காய் வெட்டு, வீரபாண்டித் திருவிழா. நானும் வற்புறுத்தவில்லை. அப்பா விமானம் ஏறவே இல்லை.

இனிமேல் சொல்லப்போவது சிரிப்பு விஷயம் இல்லை. இத்தனை நாள் ஆபீஸில்கூட யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

2018 மே மாதம். அப்போது நான் மும்பைக்கு மாற்றலாகியிருந்தேன். விடிகாலை மூன்றரைக்கு போன். அப்பாவுக்கு நெஞ்சுவலி, தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, புறப்பட்டு வா.

ஏர்போர்ட் போகிற டாக்ஸியிலேயே போனில் பார்த்தேன். ஆறு மணி விமானம், சென்னை வழியாக மதுரை. பள்ளிக்கூட லீவு நேரம். டிக்கெட் பதினாலாயிரம் ரூபாய். அதே விமானத்தில் பதினொரு சீட் காலி என்று ஸ்டாஃப் கணக்கு காட்டியது. சப்லோவில் போனால் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்துவிடும்.

பாங்க்கில் பணம் இருந்தது. இல்லாமல் இருந்திருந்தால் இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இருக்கும்.

பணம் மட்டும் காரணம் இல்லை. எங்கள் ஜாதிக்கு ஒரு திமிர் உண்டு. ஏர்லைன்ஸ் ஜாதியைச் சொல்கிறேன். காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிற ஸ்டாஃபை நாங்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்போம். பதினொரு சீட் இருக்கும்போது எவனாவது பதினாலாயிரம் கொடுப்பானா?

என் பெயர் லிஸ்டில் ஒன்பதாவது. ஐந்தே முக்காலுக்கு எட்டுப் பேரைக் கூப்பிட்டார்கள். நிறுத்திவிட்டார்கள். கடைசி நேரத்தில் வந்த ஒரு குடும்பம் மூன்று சீட்டை எடுத்துக்கொண்டதாம்.

அப்போதாவது வாங்கியிருக்க வேண்டும். அடுத்தது ஒன்பதரை மணிக்கு. அதிலும் சீட் காலி காட்டியது. டிக்கெட் பத்தொன்பதாயிரம் ஆகியிருந்தது. 'பதினாலுக்கு வாங்காதவன் பத்தொன்பதுக்கு வாங்குவானா?' என்று மனசு கணக்குப் போட்டது. சீட்டாட்டத்தில் விட்டவன் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருப்பானே, அந்தக் கணக்கு. காத்திருக்கக் காத்திருக்க, எழுந்து போக மனசு வராது. ஒன்பதரையும் போயிற்று. அடுத்ததற்கு டிக்கெட்டே இல்லை. இப்போது பணத்தோடு நின்றாலும் விற்க ஆள் இல்லை.

ஒரு மணி விமானத்துக்கு ஒரே ஒரு சீட் வந்தது. எனக்கு முன்னால் ஓர் அம்மாள். எங்கள் கம்பெனிதான், என்னைவிடப் பல வருஷம் சீனியர். நான் போனில் அம்மாவிடம் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தமிழ் புரியாது. முகம் புரிந்திருக்கும். யாருக்கு என்ன என்று ஹிந்தியில் கேட்டார். சொன்னேன். கவுன்ட்டரில் போய், "என்னை அடுத்ததில் போடுங்கள்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல் கேட்டார். "இதற்கு ஏன் தம்பி டிக்கெட் வாங்காமல் வந்தீர்கள்?"

பதில் சொல்லாமல் போர்டிங் பாஸை வாங்கிக்கொண்டு ஓடினேன். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. சென்னையில் இறங்கியதும் மதுரைக்கு முழு விலை கொடுத்து டிக்கெட் வாங்கினேன். எவ்வளவு என்று பார்க்கவில்லை.

தேனிக்கு வந்து சேர்ந்தபோது ராத்திரி எட்டரை. அப்பா கண்ணை மூடியிருந்தார். மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன். திறக்கவில்லை. இரண்டு மணிக்கு அதுவும் நின்றது.

மூன்றாம் நாள், வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு அம்மா சொன்னாள். "மத்தியானம் மூணு மணி வரைக்கும் நல்லாப் பேசிக்கிட்டு இருந்தாருய்யா. உன்னையத்தான் கேட்டாரு. ஏர்போட்ல இருக்கான்னு சொன்னேன். 'எடம் கெடச்சா வந்துருவான்'னாரு. ரெண்டு மூணு தடவை சொன்னாரு. எடம் கெடச்சா வந்துருவான்னு."

அம்மா அதைக் குறையாகச் சொல்லவில்லை. மகன் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை என்கிற மாதிரி சொன்னாள்.

நான் கணக்குப் பிரிவுக்காரன். கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. ஆறு மணி விமானத்துக்கு டிக்கெட் வாங்கியிருந்தால் எட்டு மணிக்குச் சென்னை, பதினொரு மணிவாக்கில் மதுரை, ஒரு மணிக்குத் தேனி. மூன்று மணி வரை பேசியிருக்கிறார். இரண்டு மணி நேரம். நான் மிச்சம் பிடித்தது பன்னிரண்டாயிரம் ரூபாய்.

தண்ணீருக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவர் அவர். அணையில் இல்லாததால் காத்திருந்தார். விலைக்கு வாங்க முடிந்திருந்தால் கடன் வாங்கியாவது கண்மாயை நிரப்பியிருப்பார். நான் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

2019-ல் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். இப்போது என் செக்‌ஷனில் புதிதாகச் சேருகிற பையன்களுக்கு இந்தச் சலுகையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. எந்த விமானத்தில் லோடு குறைவு, விடிகாலையும் வாரத்தின் நடுநாளும் ஏன் நல்லது, வெள்ளி ஞாயிறு சாயங்காலம் ஏன் ஏர்போர்ட் பக்கமே போகக் கூடாது, கையில் எப்போதும் ஏன் ஒரு மாற்றுச் சட்டையும் பஸ் காசும் இருக்க வேண்டும், எல்லாம் சொல்வேன். சலுகையை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இருபத்தைந்து வயதில் ஊர் சுற்ற இதைவிட நல்ல வழி கிடையாது. கோவாவுக்குப் போங்கள். இடம் கிடைக்காவிட்டால் கடல் எங்கேயும் ஓடிவிடாது.

கடைசியில் ஒன்று சொல்வேன். "போகாவிட்டால் நாளைக்கும் இருக்கும் என்கிற இடத்துக்கு மட்டும் சப்லோவில் போ. கல்யாணம், இன்டர்வியூ, ஆஸ்பத்திரி, இதற்கெல்லாம் டிக்கெட் வாங்கு. கடன் வேண்டுமென்றால் என்னிடம் கேள்." பையன்கள் சிரிப்பார்கள். ஒருவன் மட்டும் போன வருஷம் ராத்திரி பதினொன்றுக்கு போன் செய்தான். "சார், அம்மாவுக்கு சீரியஸ். பாட்னா டிக்கெட் பதினெட்டாயிரம்..." அவன் முடிப்பதற்குள் அனுப்பிவிட்டேன். இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் சார், அந்த அம்மா பிழைத்துவிட்டார்.

எங்கள் ஊர்ப் பக்கத்துக்கு ரயில் திரும்பி வந்துவிட்டது. 2022 மே மாதம் தேனி வரை, 2023 ஜூனில் போடி வரை. சென்னையிலிருந்து போடிக்கு நேரடி ரயிலே விட்டார்கள். அம்மா அதில்தான் வந்து போகிறாள். விமானத்தில் வாம்மா, காசு கொடுத்தே வாங்குகிறேன் என்றாலும் கேட்பதில்லை. "இதுல சீட்டு நம்பர் போட்ருக்குய்யா. எந்திரின்னு ஒருத்தன் சொல்ல முடியாது" என்கிறாள்.

பதினெட்டாம் கால்வாயில் தண்ணீர் விட்ட வருஷமென்றால் அவளிடமிருந்து எனக்கு ஒரு போன் வரும். கண்மாய் எவ்வளவு பெருகியிருக்கிறது, எந்தத் தென்னை தழைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். பேத்தியை விசாரிப்பாள். பிறகு, வைப்பதற்கு முன்னால், மறக்காமல் சொல்வாள்.

"ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போய்யா. டிக்கெட் எடுத்துட்டு வா."